மாடி ரூமுக்கு ஒரு வசூல்

பர்ச்சேஸ் வேலை என்பது, எதிரில் இருப்பவர் "கட்டுபடியாகாதுங்க" என்று எழுந்து, வாசல் வரைக்கும் போய், அங்கே செருப்பை மாட்டுவது போல மாட்டிவிட்டுத் திரும்பி வருகிற வரைக்கும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருக்கிற வேலை. கணபதி ஏரியாவில் ஒரு பம்புசெட் கம்பெனியில் தொண்ணூறுகள் முழுக்க நான் அதைத்தான் செய்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பழைய இரும்புக் கடையில் தராசு பிடித்து, நன்றாக ஏமாந்து, அப்புறம் ஏமாறாமலிருக்கப் பழகி அந்த நாற்காலிக்கு வந்தவன். காஸ்டிங், காப்பர் வயர், பேக்கிங் கட்டை, எதுவானாலும் சொன்ன விலைக்கு வாங்கினேன் என்று என் மேல் ஒரு புகார் கிடையாது.

அப்படிப்பட்ட ஆளை நன்கொடை கேட்கக் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? ஆபீஸ் ஆட்களோடு ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, தெரிந்தவர் கடை வாசலில் எச்சில் விழுங்கியபடி நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். "முதலாளி வெளியில போயிருக்காரு" என்று முதலாளியே சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. உங்களிடம் சொன்னால்தான் புரியும்.

கேட் பாஸ்

எங்கள் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர் செல்லமுத்து. அதிர்ந்து பேசாத மனிதர். அவர் சனிக்கிழமை ஆனால் மத்தியானமே வெளியே போகக் கேட் பாஸ் கேட்டு வந்து நிற்பார். ஒரு சனிக்கிழமை காப்பர் வயர் லோடு வந்து வாசலில் நிற்கிறது, இவர் பாஸ் சீட்டை நீட்டுகிறார். நான் சத்தம் போட்டேன். அக்கவுண்ட்ஸ், டெஸ்பாட்ச், எதிர் டீக்கடை எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கும். செல்லமுத்து சீட்டைத் திரும்ப நீட்டினார். கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கவுண்ட்ஸில் விஜயலட்சுமி என்று ஒரு அம்மணி. கம்பெனியில் எனக்குப் பயப்படாத ஒரே ஆள். எழுந்து என் மேஜைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். செல்லமுத்துவின் மகள் கவிதா கெட்டிக்காரப் பெண். போன வருஷம் பிளஸ் டூ மார்க் வந்ததிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. தட்டில் வைத்தால் சாப்பிடுவாள், கேட்டால் "ம்" என்பாள், அவ்வளவுதான். கோயில் கோயிலாகப் போனார்கள், ஒரு டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். கடைசியில் யாரோ டவுன்ஹால் பக்கம் ஒரு மாடி ரூமைச் சொன்னார்கள். காலேஜில் மனோதத்துவம் நடத்திய சாந்தா மேடம் என்பவர் அங்கே உட்கார்ந்து, மனசு சரியில்லாத காலேஜ், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பேசுகிறார். பீஸ் கிடையாது. சனிக்கிழமை தோறும் செல்லமுத்து மகளை டவுன் பஸ்ஸில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போகிறார். ஆரம்பத்தில் கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்த படியை இப்போது அவளே ஏறுகிறாளாம்.

அந்த ரூமுக்குத்தான் ஆபத்து. செலவைப் பார்த்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர் தொழில் நொடித்து நிறுத்திவிட்டார். கட்டிடக்காரரும் ஆடிக்கு முன்னால் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஆடி பிறந்தால் நம் ஊரில் எவரும் புதிதாக இடம் கொடுக்க மாட்டார்கள், போனது போனதுதான். "அதுக்கு என்னை என்ன அம்மணி பண்ணச் சொல்றீங்க?" என்றேன். விஜயலட்சுமி சொன்னார்: "இத்தனை தொண்டை இருக்குதுங்களே சார், அத எங்க மேலயே செலவு பண்ணாம, வெளிய நாலு பேருகிட்டப் போயி அந்த ரூமுக்காகக் கத்துங்க."

ஐயாயிரம் மூவாயிரமானது

குழு சேர்ந்தது. வைண்டிங், மெஷின் ஷாப், டெஸ்பாட்ச் எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வந்தார்கள். ரூமுக்கு ஒரு வருஷ வாடகையும் மேடத்துக்கு ஒரு வருஷச் சம்பளமும் சேர்ப்பது என்று முடிவு. ஒரே ஒரு கட்டுப்பாடு: கவிதாவின் பேரை எந்த இடத்திலும் எடுக்கக் கூடாது. முதலாளி ஒரு பங்கு போட்டு, கம்பெனி வேனையும் கொடுத்தார்.

முதலில் எங்களுக்குக் காஸ்டிங் ஊற்றித் தரும் பழனிச்சாமியின் பவுண்டரிக்குப் போனோம். மனிதர் நல்லவர். வருஷக்கணக்காக என்னிடம் விலை பேசித் தேய்ந்து போனவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்ல காரியமுங்க. ஒரு ஐயாயிரம் எழுதிக்குங்க" என்றார். ஒரு தொகை காதில் விழுந்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஐயாயிரமெல்லாம் ரொம்பச் சாஸ்திங்க. மூவாயிரத்துக்கு முடிச்சுக்குவோம்" என்றேன்.

பழனிச்சாமி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "சரீங்க, உங்களுக்காக ஒத்துக்கறேன்" என்று சொல்லி, பேனா மூடியைக் கழற்றிய வேகத்தில் செக்கை எழுதிவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் பார்த்ததே இல்லை. வேனில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் பின் சீட்டில் செல்லமுத்து சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் தோள் மட்டும்தான் குலுங்கும், அன்றைக்குச் சத்தமே வந்தது. விஜயலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த கடைக்கு நாங்க உள்ள போறோமுங்க. நீங்க வெளிய நின்னு செருப்பப் பாத்துக்குங்க சார்."

ஈரோட்டு வெயில்

ஈரோட்டில் எங்கள் பம்பு விற்கும் டீலர் ஒருவர். கடைக்கு எதிரில் மஞ்சள் மண்டி. தெருவே மஞ்சளாக இருக்கும், மூக்குச் சிந்தினாலும் மஞ்சள்தான். செல்லமுத்துவும் நானும் போயிருந்தோம். எதற்கு வசூல் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் காலை ஆட்டிக்கொண்டே, "மெண்டல் கேசுக்குங்களா? ஊட்ல நாலு சாத்துச் சாத்துனாத் தானாத் தெளிஞ்சு போகுமுங்க" என்றார். செல்லமுத்து சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காலண்டரில் பார்க்க ஒன்றுமில்லை.

அடுத்து நான் பேசியதை இங்கே எழுத முடியாது. மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ரசீது புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு நான் செல்லமுத்துவோடு தெருமுனைக்கு வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் டீலர் பின்னாலேயே வருகிறார். காலில் செருப்பு இல்லை, தார் ரோட்டில் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து வருகிறார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று சட்டைக் கையை மடித்தேன். அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மடித்த நோட்டுகளை என் கையில் வைத்து அழுத்தினார். ரசீதில் பேர் போட வேண்டாம் என்றார். அதற்குள் செல்லமுத்து, யாரும் கேட்காமலே, மாடி ரூம் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். டீலர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னிடம் இல்லை, செல்லமுத்துவிடம் கேட்டார்: "எங்கக்கா பையன் ஒருத்தன் இருக்கறானுங்க. காலேஜு முடிச்சுப்போட்டு ஊட்டுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டே கெடக்கறான். ஏனுங்க, அங்க பசங்களும் வரலாமுங்களா?"

கரண்ட் கட்

சூலூரில் ஒரு தறிக்கூடம். எங்கள் மோட்டார் அங்கே ஓடுவதால் பழக்கம். நடத்துகிறவர் ருக்குமணி அம்மாள். விசைத்தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் தும்மினாலும் தெரியாது. அவர் காதுக்கருகே போய், அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். அவர் கையை ஆட்டி, கேட்கவில்லை என்றார். இன்னும் கத்தினேன். அவர் இன்னும் ஆட்டினார். நான் மூச்சை இழுத்துப் பிடித்து, "புள்ளைக மனசு உட்டுப் பேசறதுக்கு ஒரு ரூம் வேணுமுங்க" என்று கத்தவும், ஊருக்கே கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

அத்தனை தறியும் நின்றுவிட்டது. என் குரல் மட்டும் தெருவில் போய்க்கொண்டிருந்தது. எதிர்த் தறிக்கூடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் சைக்கிளை நிறுத்தி இறங்கியே விட்டார். கரண்ட் திரும்ப வருவதற்குள் தறி ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் பேசி, ஒரு தாம்பாளத்தைச் சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். பக்கத்துத் தறிக்கூடங்களுக்கும் அது போய்விட்டு வந்தது. ருக்குமணி அம்மாள் தன் பங்கையும் போட்டு என்னிடம் நீட்டியபடி சொன்னார்: "அஞ்சாறு தெருவுக்குக் கேக்கறாப்பல கேட்டுப்போட்டீங்க. இதுக்கு மேல இல்லைன்னு சொன்னா நாங்க எப்படீங்க வெளிய தலை காட்டறது?"

பலாப்பழ ஏலம்

எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழா முடிந்ததும் எலுமிச்சம்பழத்தைக்கூட ஏலம் விடுவார்கள். கௌரவத்துக்காக அதை ஆயிரக்கணக்கில் எடுப்பார்கள். அதே மாதிரி கம்பெனி வளாகத்தில் ஒரு ஏலம் வைப்போம் என்று மெஷின் ஷாப்பில் யோசனை சொன்னார்கள். ஏலத்தில் விலை ஏறத்தானே செய்யும், சாரால் இறக்க முடியாது என்று சொல்லி, ஏலம் விடும் பொறுப்பை எனக்கே கொடுத்தார் விஜயலட்சுமி. பழைய மேஜை, ரிப்பேர் செய்த மோட்டார், வீட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பிரஷர் குக்கர் எல்லாம் போனது. கடைசியாக முதலாளியின் ஆனைகட்டித் தோட்டத்துப் பலாப்பழம், ஒரு ஆள் கட்டிப்பிடித்துத்தான் தூக்க வேண்டும். அதற்கு மெஷின் ஷாப்புக்கும் சேல்ஸ் ஆட்களுக்கும் போட்டி.

முன் வரிசையில் முதலாளியின் மாமனார் உட்கார்ந்திருந்தார். தாராபுரத்தில் பெரிய மாட்டு வியாபாரி. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள், மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. நான் ஏலம் கூறிக்கொண்டே அவர் பக்கத்தில் வந்தபோது, அவர் முன்னால் சாய்ந்தார். தோள் துண்டு என் கை மேல் விழுந்தது. துண்டுக்கடியில் என் கையைப் பிடித்து இரண்டு விரலால் அழுத்தினார். சந்தை வழக்கம் தெரிந்தவனாச்சே நான். நிமிர்ந்து, "தாராபுரத்து ஐயா விலை சொல்லியாச்சு. அதுக்கு மேல யாருங்க?" என்றேன். "எவ்வளவு சொன்னாருங்க?" என்று சேல்ஸ் பக்கமிருந்து கேட்டார்கள். "துண்டுக்குள்ள சொன்னத வெளிய சொன்னா வியாபாரத்துக்கு அழகில்லீங்க" என்றேன்.

அதற்கப்புறம் யாருக்கும் எவ்வளவுக்கு மேலே போகிறோம் என்றே தெரியவில்லை. மெஷின் ஷாப் ஒன்று சொல்லும், நான் ஐயாவைப் பார்ப்பேன், அவர் தலையை ஆட்டுவார், நான் "அதுக்கும் மேல" என்பேன். சேல்ஸ் எகிறும். ஒரு நல்ல சைக்கிள் வாங்குகிற விலைக்கு வந்த பிறகு மெஷின் ஷாப் பின்வாங்கியது, ஐயாவும் தலையை ஆட்டவில்லை. சேல்ஸ் ஆட்கள் பழத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே ஆடினார்கள். உடனே வெட்டி எல்லாருக்கும் கொடுத்தார்கள், தோற்ற மெஷின் ஷாப்புக்குத்தான் முதல் சுளை. நான் சுளை உரித்த எண்ணெய்க் கையோடு ஐயாவிடம் போய், "ரெண்டு விரல் அழுத்தினீங்களே, அது இருநூறுங்களா ரெண்டாயிரமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் வாயிலிருந்த சுளையை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "வெலையா? என்ற தோட்டத்துலயே பலா காச்சுத் தொங்குது, நானெதுக்குங்க கண்ணு இதுக்கு வெல சொல்றேன்? நீங்க கத்தற கத்துக்கு என்னாகுமோன்னு நாடி புடிச்சுப் பாத்தேன். துடிப்பு சாஸ்தியா இருக்குது, சித்தெ மோரு வாங்கிக் குடிங்க."

ரகீம் பாய் கடையில் ரெண்டு டீ

எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது மேடத்தின் சம்பளத்துக்கு ஆச்சு, பழைய வாடகைக்கும் ஆச்சு. ஆனால் காலி பண்ணாமல் அங்கேயே இருக்க வேண்டுமென்றால் இரண்டு பங்கு வாடகை என்று கட்டிடக்காரர் இப்போது சொல்லியிருந்தார். அதற்குப் பணம் இல்லை, ஆடிக்கு நாளும் இல்லை. "இது பேரம். இதுக்கு நீங்கதான் போகோணும்" என்று விஜயலட்சுமியே சொன்னார். ஆனி மாசக் கடைசிச் சனிக்கிழமை, கவிதாவை மாடிக்கு அனுப்பிவிட்டு, செல்லமுத்துவும் நானும் கீழே கட்டிடக்காரரின் கடைக்குள் போனோம்.

ரகீம் பாய் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர். சுவர் பூராவும் மாதிரிகள், ஒரு பக்கம் பிள்ளையார், ஒரு பக்கம் பிறை, ஒரு பக்கம் சிலுவை. டீ சொன்னார். நான் பாதி வாடகையில் ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டு இரண்டு பங்கிலேயே நின்றார். நான் எழுந்து வாசல் வரைக்கும் போனேன். அவர் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்து உட்கார்ந்தேன். இரண்டாவது டீ வந்தது. அட்வான்ஸைப் பேசினேன், வெள்ளையடிப்பதைப் பேசினேன், மொத்தமாக ஒரு வருஷ வாடகையையும் முன்பணமாகத் தருகிறேன் என்றேன். ஒரு பைசா அசையவில்லை.

கடைசியில் அவரே உண்மையைச் சொன்னார். "காசு பிரச்சினை இல்ல தம்பி. பொண்ணு ஊட்டுக்காரங்க நல்ல காரியத்துக்குப் பத்திரிகை எடுக்க வர்றாங்க. அந்த நேரம் பாத்து மாடிப்படியில ஒரு புள்ள மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு எறங்குது. பின்னாலயே இன்னொண்ணு. என்னமோ ஏதோன்னு அவங்க அடுத்த கடைக்குப் போயிடறாங்க. இந்த மாசம் ரிசல்ட் வந்ததிலிருந்து படி பூரா புள்ளைங்க. நான் எப்படித் தொழில் பண்றது, நீங்களே சொல்லுங்க." விலை என்றால் குறைக்கலாம், இது விலை இல்லையே. கோபப்படலாமென்றால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை. செல்லமுத்து டீயைக் குடிக்காமல் கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது படியில் செருப்புச் சத்தம். கவிதா இறங்கி வந்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டேதான் வந்தாள். பாய் என்னைப் பார்த்து, பார்த்தீர்களா என்பது போலக் கையை விரித்தார். அவள் கடை வாசலில் நின்றாள். என் பேரச் சத்தமும் பாய் சொன்னதும் படியிலேயே அவள் காதில் விழுந்திருக்கும்.

"மேல ஃபேன் நின்னு ரெண்டு வாரமாச்சுங்க அங்கிள்" என்றாள். குரல் கரகரவென்று இருந்தது. "சிமெண்ட் சீட்டுக் கூரைக்குக் கீழ ஒரு மணி நேரம் உக்காந்தா வேர்க்காதுங்களா? வேர்வையத் தொடச்சுக்கிட்டு எறங்கறோம். அழுதோம்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

பாய் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். "எல்லாருக்கும் வேர்வைதானாம்மா?"

"இல்லீங்க. பாதிப் பேருக்கு வேர்வை. பாதிப் பேரு அழுதுட்டுத்தான் எறங்கறோம், அதுக்குத்தான மேல வர்றோம்." அவள் கையை நீட்டி மாடியைக் காட்டினாள். "ஃபேன மாட்டுனீங்கன்னா பாதிப் பேரு மூஞ்சி காஞ்சுரும். மேல ஒரு குழாய் போட்டுக் குடுத்தீங்கன்னா மத்தவங்க மூஞ்சி கழுவிட்டு எறங்குவாங்க. உங்க கடைக்கு வர்றவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஓடாத ஃபேனுக்கு எப்படீங்க ரெண்டு பங்கு வாடகை கேக்கறீங்க?"

செல்லமுத்துவின் கையிலிருந்த டீ, மேஜையில் பரப்பியிருந்த மாதிரிப் பத்திரிகை மேல் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை. அவர் மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பா, வேறா என்று நான் குனிந்து பார்க்கவில்லை. "ம்" என்ற ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டிய வீடு அது. பேச வாயெடுத்தேன், பாய் என்னைக் கையமர்த்தினார்.

"வாடகை பழைய வாடகையே இருக்கட்டும்மா" என்றார் அவளிடம். "ஃபேன் நாளைக்கே மாட்டிடறேன். குழாய்க்கு மட்டும் ஒரு வாரம் டைம் குடு." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரீங்க" என்றாள். பிறகு அப்பாவின் கையிலிருந்த காலி கிளாஸை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவரை எழுப்பினாள். நாங்கள் கடைப் படியிறங்கும்போது பாய் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார்: "தம்பி, இந்தத் தெருவுல எங்கிட்ட யாருமே விலை குறைச்சதில்ல. அந்தப் புள்ளைக்குப் படிப்பு முடியட்டும், உங்க நாற்காலிய நீங்க கெட்டியாப் புடிச்சுக்குங்க."

இத்தனை வருஷப் பர்ச்சேஸ் வேலையில் நான் பார்த்த ஆக லாபமான பேரம் இதுதான், இதில் என் பங்கு ரெண்டு டீ குடித்தது மட்டும்தான்.